ஈகோஸ்போர்ட் பவர்ஷிஃப்ட்: சூடானதும் கியர் போகிறது, செல்ஃபும் எடுக்கவில்லை. டிசிஎம் (கியர்பாக்ஸைக் கட்டுப்படுத்தும் கம்ப்யூட்டர் மாட்யூல்) மாற்றியே ஆக வேண்டுமா?

செங்கை_15:

வண்டி 2015 ஈகோஸ்போர்ட், 1.5 பெட்ரோல், பவர்ஷிஃப்ட் ஆட்டோமேட்டிக். ஓடியது 81,000 கி.மீ.

காலையில் எடுத்தால் ஒரு குறையும் தெரியாது. டிராஃபிக்கில் அரை மணி நேரம் ஊர்ந்த பிறகு மீட்டரில் கியர் எழுத்து மறைந்து டிரான்ஸ்மிஷன் எச்சரிக்கை வருகிறது. ஆக்சிலரேட்டர் மிதித்தால் ரெய்ஸ் மட்டும் ஆகிறது, வண்டி நகரவில்லை. ஆஃப் செய்துவிட்டு மறுபடி சாவி திருப்பினால் செல்ஃப் எடுப்பதில்லை, ‘டக்’ சத்தம்கூட இல்லை. முக்கால் மணி நேரம் ஆறவிட்டால் சமர்த்தாகக் கிளம்பிவிடும்.

ஸ்கேனரில் இன்ஜின் இசியு, ஏபிஎஸ், மீட்டர் மூன்றிலும் யு0101. வண்டி ஆறியிருக்கும்போது டிசிஎம் ஸ்கேனரோடு பேசுகிறது, அதில் பி0882 பழைய கோடாகக் கிடக்கிறது. சூட்டில் ‘பதில் இல்லை’ என்று வருகிறது.

ஒர்க்‌ஷாப்பில் டிசிஎம் போய்விட்டது, மாற்றுங்கள் என்கிறார்கள். அதை உறுதி செய்ய என்ன பார்க்க வேண்டும்? கழற்றி மாட்டுவதை வீட்டிலேயே செய்ய முடியுமா? பழைய டிசிஎம் வாங்கிப் போட்டால் வேலை செய்யுமா? டிராஃபிக்கில் முதல் கியரில் ஒரு உதறல் ரொம்ப நாளாக இருக்கிறது, இதை மாற்றினால் அதுவும் போகுமா?

மல்டிமீட்டர்:

பார்ட்டுக்கு இன்னும் ஆர்டர் போடாதீங்க சார்.

யு0101னா டிசிஎம் செத்துப்போச்சுன்னு அர்த்தம் இல்ல. ‘டிசிஎம் குரல் எனக்குக் கேக்கல’ன்னு மத்த மாட்யூல் எல்லாம் சொல்லுது, அவ்ளோதான். அதுக்குக் கரண்ட் வரலைன்னாலும் கேக்காது, எர்த் சரியில்லைன்னாலும் கேக்காது, கேன் வயர், அதாவது மாட்யூல் எல்லாம் தங்களுக்குள்ள பேசிக்கிற வயர், அறுந்தாலும் கேக்காது. உங்க வண்டியில பி0882 வேற கிடக்கு. டிசிஎம்முக்கு வர்ற வோல்டேஜ் கம்மின்னு அதுவே எழுதி வெச்சிருக்கு. அதைப் பாக்காம புதுசு மாட்டினா, புதுசும் அதே மாதிரி மயங்கி விழும்.

செல்ஃப் எடுக்காததுக்கு ஸ்டார்ட்டர் மோட்டாரைக் கழட்டிடாதீங்க. கியர் ‘பி’யிலயோ ‘என்’லயோ இருக்குன்னு டிசிஎம் சொன்னாத்தான் இசியு செல்ஃபுக்கு அனுமதி குடுக்கும். சொல்ல வேண்டியவன் ஊமையானா செல்ஃப் ரிலே விழாது. அதான் ‘டக்’ சத்தம்கூட இல்ல.

டெஸ்ட் எல்லாம் ஃபால்ட் இருக்கும்போதே பண்ணணும், ஆறிப்போன வண்டியில எல்லாமே சரியாத்தான் காட்டும். அதனால ஃபால்ட் வந்ததும் இன்ஜினை உடனே ஆஃப் பண்ணாதீங்க, திரும்ப எடுக்காது. வண்டியை ‘பி’யில வெச்சு, ஹேண்ட்பிரேக் போட்டு, வீலுக்குக் கட்டை வெச்சு, ஐடிலிங்ல ஓட விட்டே முதல் அளவை எடுங்க.

எர்த்ல ஆரம்பிங்க. ஹெட்லைட், ஏசி புளோயர், பின் கண்ணாடி ஹீட்டர் எல்லாம் ஆன். மீட்டரை டிசி வோல்ட்ல வெச்சு, ஒரு முனை பேட்டரி மைனஸ் போஸ்ட் மேல, மறு முனை கியர்பாக்ஸ் அலுமினிய உடம்புல. போஸ்ட் மேலன்னா போஸ்ட் மேலயே, கிளாம்ப் மேல இல்ல. 0.1 வோல்ட்டுக்குக் கீழ இருக்கணும். ஓம்ஸ்ல வெச்சுப் பாத்தா ஏமாந்துடுவீங்க: எர்த் கேபிள்ல ஒரே ஒரு இழை மிச்சம் இருந்தாலும் ஓம்ஸ் நல்லாத்தான் காட்டும், கரண்ட் இழுக்கும்போதுதான் குட்டு வெளிப்படும். இன்ஜின் ஓடணும்னு சொல்றதும் அதுக்குத்தான். ஆல்டர்னேட்டர் கரண்ட் முழுக்க இன்ஜின் பிளாக்கோட எர்த் வழியாத்தான் போகுது. சாவி மட்டும் ஆன் பண்ணி லைட் போட்டா அந்தக் கரண்ட் பாடி வழியாப் போயிடும், கியர்பாக்ஸ் எர்த்துக்கு வேலையே இருக்காது.

அடுத்தது சப்ளை. வயரிங் டயகிராம் பாத்து, டிசிஎம் கப்ளர்ல (வயரிங் வந்து மாட்டுற கனெக்டர்) பேட்டரி லைன், சாவி லைன், எர்த் மூணையும் கண்டுபிடிங்க. சாவி ஆஃப் பண்ணிக் கப்ளரைக் கழட்டி, மறுபடி ஆன் பண்ணி, 21 வாட் இண்டிகேட்டர் பல்பை லோடாப் போட்டுப் பாருங்க. அது ஒண்ணே முக்கால் ஆம்பியர் கிட்ட இழுக்கும். பல்ப் எரியும்போது கப்ளர்ல வர்ற வோல்டேஜ், பேட்டரி வோல்டேஜைவிட 0.3க்கு மேல குறையக் கூடாது. லோடு இல்லாம வெறும் மீட்டர் காட்டுற 12.5 வோல்ட்டை நம்பாதீங்க. பின்னுக்குள்ள மீட்டர் முனையைத் திணிக்காதீங்க, பின் அகண்டுடும். அப்புறம் நீங்களே புதுசா ஒரு ஃபால்ட் செஞ்ச மாதிரி.

கேன் கடைசில. பேட்டரி மைனஸைக் கழட்டி ரெண்டு நிமிஷம் விட்டு, ஸ்கேனர் மாட்டுற ஓபிடி சாக்கெட்ல 6, 14 நம்பர் பின்னுக்கு நடுவுல ஓம்ஸ் பாருங்க. 60 கிட்ட வரணும். 120 வந்தா ஒரு பக்கம் லைன் அறுந்திருக்கு. ரெண்டு மூணு ஓம்தான்னா வயர் ரெண்டும் ஒட்டியிருக்கு. பேட்டரி டிரேக்குக் கீழ வயரிங் வளையுற இடத்துல டேப் உரிஞ்சு உரசியிருக்கான்னு பாத்துக்கோங்க.

செங்கை_15:

ஃபால்ட் இருக்கும்போதே எடுத்தேன். எர்த் டிராப் 0.42 வோல்ட். ஓம்ஸில் 0.3தான் காட்டியது, நீங்கள் சொன்னது போலவே. கேன் 60.2 ஓம். எர்த் கேபிள் கியர்பாக்ஸில் உட்காரும் இடத்தில் வெள்ளைப் பூஞ்சை போல் பூத்திருந்தது. கழற்றி, உப்புத்தாளால் தேய்த்து இறுக்கிய பிறகு 0.04.

பி0882 திரும்பி வரவில்லை. ஆனால் நேற்று மறுபடி அதே மாதிரி சூட்டில் நின்றது. அப்போது கப்ளரைக் கழற்றிப் பார்த்ததில் 21 வாட் பல்ப் பளிச்சென்று எரிகிறது, பேட்டரி 12.3, கப்ளரில் 12.2. கப்ளரின் இரண்டு கேன் பின்களில் எர்த்துக்கு 2.6, 2.4 வோல்ட். திரும்ப மாட்டினால் ஸ்கேனரில் பதில் இல்லை.

மல்டிமீட்டர்:

அப்ப ரெண்டு ஃபால்ட் சேர்ந்து இருந்திருக்கு. எர்த் ஒண்ணு, அது தீந்துச்சு. கரண்ட் இருக்கு, எர்த் இருக்கு, கேன் வயர் பேசுது, டிசிஎம் மட்டும் பேசல. இனிமே அதைச் சந்தேகப்படலாம், தப்பில்ல. இந்த டிசிஎம் கியர்பாக்ஸ் உடம்பு மேலயே உக்காந்திருக்கு. சூடாகி ஆறி, சூடாகி ஆறி, கூடவே அதிர்வு. உள்ள சால்டர் இணைப்புல முடி அளவு விரிசல் விழும். சூட்டுல விரிசல் பிரியும், ஆறினா ஒட்டிக்கும். நீங்க சொல்ற அறிகுறி அதேதான்.

டிசிஎம்மை மாத்துற வரைக்கும் ஜிஎஸ்டி ரோட்டுல எடுத்துட்டுப் போகாதீங்க. லாரிக்கு முன்னாடி நின்னா வேடிக்கை இல்ல. டோ பண்ணணும்னா முன் வீல் ரெண்டும் தரையில படாம ஏத்தணும்.

ஆறாம்_கியர்:

கழற்றி மாட்டுவது வீட்டில் முடியும். அதற்கு முன்னும் பின்னும் உள்ள கம்ப்யூட்டர் வேலைதான் பலரையும் கவிழ்க்கிறது. அதனால் வரிசை மாறாமல் செய்யுங்கள்.

முதலில், பழைய டிசிஎம் உயிரோடு இருக்கும்போதே, அதாவது வண்டி ஆறியிருக்கும் காலை நேரத்தில், அதிலுள்ள தகவலைச் சேமித்துக்கொள்ளுங்கள். ஃபோர்டின் ஐடிஎஸ் மென்பொருளில் இதற்குப் பிஎம்ஐ என்று பெயர்: பழைய மாட்யூலின் அமைப்பைப் படித்து வைத்துக்கொண்டு புதியதில் எழுதுவது. ஃபோர்டு கார்களுக்கான ஃபோர்ஸ்கேன் என்ற ஸ்கேன் மென்பொருள் வைத்திருந்தால் ஆஸ்-பில்ட் தகவலை (ஆலையில் எழுதிய அமைப்பு) கோப்பாகச் சேமிக்கலாம். டிசிஎம்மின் பார்ட் எண், சாஃப்ட்வேர் எண் இரண்டையும் ஸ்கிரீன்ஷாட் எடுத்து வையுங்கள். பழையது முழுக்க ஊமையான பிறகு இதைத் தேடினால் விஐஎன் எண்ணை (வண்டியின் சேசிஸ் எண்) கொடுத்து சர்வீஸ் சென்டர் கம்ப்யூட்டரிலிருந்து இறக்கத்தான் வேண்டியிருக்கும்.

பார்ட் வாங்கும்போது கவுண்டரில் ‘ஈகோஸ்போர்ட் ஆட்டோமேட்டிக்’ என்று மட்டும் சொல்லாதீர்கள். 2017 நவம்பரில் வந்த புதிய ஈகோஸ்போர்ட்டில் பெட்ரோல் ஆட்டோமேட்டிக் டார்க் கன்வர்ட்டர் கியர்பாக்ஸுக்கு மாறிவிட்டது. உங்களுடையது அதற்கு முந்தைய உலர் இரட்டைக் கிளட்ச். இரண்டும் ஆறு கியர், இரண்டும் 1.5 பெட்ரோல், ஆனால் ஒன்றின் பார்ட் மற்றதற்கு ஆகாது. விஐஎன் எண்ணைக் கொடுத்தே கேளுங்கள். ஃபோர்டு எண் வரிசையில் நடுவில் 7இசட்369 என்று வருவதுதான் டிசிஎம்.

கழற்றுவது: சமதளம், சாவி ஆஃப், பின் வீல்களுக்குக் கட்டை. பேட்டரி மைனஸைக் கழற்றி ஐந்து நிமிடம் விடுங்கள். கியர்பாக்ஸ் இடது பக்கம், அதாவது கிளீனர் சைடு. முன் இடது வீலைக் கழற்றுங்கள். ஜாக்கியை மட்டும் நம்பாமல் ஸ்டாண்டு கொடுங்கள். வீல் ஆர்ச்சுக்குள் இருக்கும் பிளாஸ்டிக் லைனரை எடுத்தால் டிசிஎம் தெரியும். லைனர் கிளிப்புகள் பத்து வருடச் சேற்றில் இறுகியிருக்கும், நாலைந்து உடையும். புதிய கிளிப் முன்கூட்டியே வாங்கி வைப்பது நல்லது. மேலிருந்து கை போக வேண்டுமென்றால் பேட்டரியையும் டிரேயையும் எடுத்துவிடுங்கள்.

கப்ளரைத் தொடுமுன் சுற்றியுள்ள மண்ணைக் காற்றடித்துத் துடையுங்கள். இல்லையென்றால் கழற்றும்போது அத்தனையும் பின்களுக்குள் விழும். பெரிய கப்ளரில் லீவர் பூட்டு இருக்கிறது: பூட்டை அமுக்கி லீவரை முழுதும் திருப்பினால் கப்ளர் தானாக வெளியே வரும். வயரைப் பிடித்து இழுக்க வேண்டியதே இல்லை.

கவனம் தேவைப்படும் இடம் இனிமேல்தான். இந்த டிசிஎம் வெறும் எலக்ட்ரானிக் பெட்டி அல்ல. கியர் மாற்றும் டிரம்களைச் சுழற்றும் இரண்டு மோட்டார்கள் இதோடு சேர்ந்தே வருகின்றன. மோட்டார் பற்கள் கியர்பாக்ஸுக்குள் இருக்கும் பற்களோடு கோத்திருக்கும். எனவே போல்ட்டுகளைக் கழற்றிய பின் நேராக வெளியே இழுங்கள், சாய்த்து நெம்பாதீர்கள். மாட்டும்போது கையாலேயே முழுதும் சமமாக உட்கார வேண்டும். இடைவெளி தெரிந்தால் பற்கள் கோக்கவில்லை என்று பொருள். வெளியே எடுத்து, லேசாக அசைத்து, மறுபடி வையுங்கள். போல்ட்டை இறுக்கி உள்ளே இழுத்துவிடலாம் என்று மட்டும் நினைக்காதீர்கள். பல் உடையும், அல்லது உடல் விரிசல் விடும். அந்த நொடியில் புதிய பார்ட் குப்பை. போல்ட் இறங்குவது அலுமினியத்தில். கையால் முழுதும் சுற்றி, குறுக்குக் குறுக்காக, மேனுவலில் உள்ள டார்க்குக்கு டார்க் ரெஞ்ச் வைத்து இறுக்குங்கள்.

புதிய டிசிஎம்மை உறையிலிருந்து எடுப்பதைக் கடைசி நிமிடம் வரை தள்ளிப்போடுங்கள். பின்களை விரலால் தொடாதீர்கள். வயரிங் பக்கக் கப்ளரில் பச்சை பூத்திருந்தால் கான்டாக்ட் கிளீனர் அடித்து உலரவிடுங்கள். பெட்ரோலோ டீசலோ விட்டுக் கழுவ வேண்டாம்.

புதுப்பேட்டை_பார்ட்ஸ்:

பழைய டிசிஎம் பத்திக் கேட்டிருந்தீங்க. புதுப்பேட்டையில தேடினா கிடைக்கும், ஆனா கேக்க வேண்டிய கேள்வி வேற. உங்க டிசிஎம் சூட்டுல பத்து வருஷம் வெந்ததாலதான் போச்சு. அங்க கிடைக்கிறதும் அதே அளவு வெந்ததுதான். இன்னைக்கு ஓடும், ஆறு மாசத்துல திரும்ப லைனரைக் கழட்டணும்.

வாங்கியே ஆகணும்னா பார்ட் எண்ல கடைசி எழுத்து வரைக்கும் ஒத்துப்போகணும். அந்தக் காலத்து ஃபியஸ்டா ஆட்டோமேட்டிக்லயும் இதே குடும்ப கியர்பாக்ஸ்தான்; பார்க்க ஒரே மாதிரி இருக்குன்னு மாட்டக் கூடாது, வண்டிக்கு வண்டி சாஃப்ட்வேர் வேற. கப்ளர் பள்ளத்துக்குள்ள டார்ச் அடிச்சுப் பாருங்க. மெல்லிசா வண்டல் படிஞ்சிருந்தா, பின் அடியில பச்சை இருந்தா, அது தண்ணியில நின்ன வண்டியோடது. 2015 டிசம்பர் வெள்ளமும் 2023 டிசம்பர் மிக்ஜாமும் முடிஞ்ச பிறகு அப்படிப்பட்ட வண்டி நிறைய உடைப்புக்கு வந்திருக்கு.

போர்டைத் திறந்து சால்டர் பண்ணித் தர்றவங்களும் இருக்காங்க. பழைய மாட்யூலுக்குள்ள இருக்கிற தகவல் அப்படியே இருக்கும்கறது அதுல ஒரு வசதி.

ஆறாம்_கியர்:

அந்த வசதி உண்மைதான். ஆனால் விரிசல் சால்டரில் இருந்தால்தான் சால்டரிங் அயர்ன் உதவும். சிப்புக்குள் போகும் நுண்கம்பியில் இருந்தால் ஒன்றும் செய்ய முடியாது, வெளியிலிருந்து பார்த்து எது என்று சொல்லவும் முடியாது. அதோடு, திறந்த பெட்டியின் சீல் பழையபடி ஒட்டாவிட்டால் அடுத்த மழையில் வீல் தெளிக்கும் தண்ணீர் நேராக உள்ளே போகும். பார்ட் எங்குமே கிடைக்காத நிலையில் மட்டும் அந்த வழி. அமெரிக்காவில் இதே கியர்பாக்ஸ் உள்ள ஃபியஸ்டா, ஃபோகஸ் கார்களின் டிசிஎம்முக்கு மட்டும் ஃபோர்டு 10 வருடம் அல்லது 1,50,000 மைல் என்று வாரண்டியை நீட்டியது. அது அந்த நாட்டுக் கார்களுக்கு. இங்கே அதைக் காட்டிக் கேட்க முடியாது.

இனி புரோகிராமிங். புதியது மாட்டியவுடன் யு2100 அல்லது யு2101 வந்தால் பதறாதீர்கள். ‘எனக்கு இன்னும் அமைப்பு எழுதவில்லை’ அல்லது ‘எழுதியது பொருந்தவில்லை’ என்கிறது, பார்ட் பழுது என்று அர்த்தமில்லை. சேமித்த அமைப்பை எழுதி, விஐஎன்னுக்கு உரிய கேலிபிரேஷன் சாஃப்ட்வேரை ஏற்ற வேண்டும். கேலிபிரேஷன் ஏற்றுவதை ஐடிஎஸ் உள்ள இடத்தில் கொடுத்துச் செய்வதே நல்லது. கோடு பார்ப்பது, தகவல் சேமிப்பது, அடாப்டிவ் லேர்னிங் (டிரம், கிளட்ச் நிலைகளை டிசிஎம் அளந்து கற்றுக்கொள்வது) இவற்றுக்கு ஃபோர்ஸ்கேன் போதும்.

எழுதும் நேரம் முழுதும் பேட்டரி 13 வோல்ட்டுக்குக் கீழே இறங்கக் கூடாது. சாவி ஆனில் இருக்கும், இன்ஜின் ஓடாது, எனவே வெளியிலிருந்து நல்ல சார்ஜர் கொடுக்க வேண்டும். லைட், புளோயர், பாட்டு எல்லாம் ஆஃப். லேப்டாப் சார்ஜரில் இருக்கட்டும், தூங்கும் அமைப்பை நிறுத்திவிடுங்கள். புளூடூத் அடாப்டர் வேண்டாம், யுஎஸ்பி கேபிள் வைத்த அடாப்டரையே பயன்படுத்துங்கள். பாதியில் அறுந்தால் டிசிஎம் மறுபடி ஊமையாகிவிடும், இந்த முறை புதியது.

செங்கை_15:

பார்ட் வந்தது, மாட்டியாகிவிட்டது, ஐடிஎஸ்ஸில் எழுதியும் கொடுத்துவிட்டார்கள். யு கோடுகள் இல்லை. ஃபோர்ஸ்கேனில் அடாப்டிவ் லேர்னிங் இரண்டு முறை பாதியில் நின்றுவிட்டது. கிளட்ச் சைடு மோட்டார் கெட்டிருக்குமோ?

மல்டிமீட்டர்:

உடனே மோட்டாருக்குப் போகாதீங்க. ஓட்டிட்டு வந்து இன்ஜினை நல்லா சூடாக்குங்க. சமதளம், ‘பி’, ஹேண்ட்பிரேக், கால் பிரேக்கை விடாம அமுக்கிப் பிடிக்கணும். ஏசி ஆஃப். எல்லா மாட்யூல்லயும் கோடு அழிச்சிருக்கணும். டிசிஎம்ல ஒரே ஒரு கோடு நின்னாலும் லேர்னிங் ஏறாது. வழியில பிரேக்ல காலை எடுத்தாலோ ஆக்சிலரேட்டரைத் தொட்டாலோ அங்கயே நின்னுடும்.

மொதல்ல இன்ஜின் ஆஃப், சாவி ஆன்ல டிரம் ஓடும். உள்ள ‘கடக் கடக்’னு சத்தம் வரும், அது இயல்பு. அப்புறம் இன்ஜினை ஓட விடச் சொல்லும், கிளட்ச் ரெண்டும் எங்க பிடிக்க ஆரம்பிக்குதுன்னு அளக்கும். டிரம் பாகத்துல நின்னுச்சா, கிளட்ச் பாகத்துல நின்னுச்சா? டிரம்ல நின்னா வோல்டேஜையும் டிசிஎம் நல்லா உக்காந்திருக்கான்னும் பாருங்க. கிளட்ச்ல நின்னா, ஒத்தைப்படை கியர் 1, 3, 5 ஒரு கிளட்ச், இரட்டைப்படை 2, 4, 6 இன்னொண்ணு, எந்தப் பக்கம்னு திரையில வரும். அந்தப் பக்க கிளட்ச் மோட்டார் கப்ளரைக் கழட்டி மூணு சுருளையும் ஓம்ஸ் பாருங்க. மூணும் ஒரே அளவா இருக்கணும். ஒண்ணு மட்டும் தனியா நின்னா மோட்டார் அல்லது அதோட வயர்.

செங்கை_15:

கால் பிரேக்கை இடையில் தளர்த்தியிருக்கிறேன், அதுதான். சொன்னபடி செய்ததும் முடிந்தது. சூட்டில் ஒரு மணி நேரம் ஊர்ந்தும் நிற்கவில்லை. முதல் கியர் உதறல் குறைந்திருக்கிறது, ஆனால் இருக்கிறது.

ஆறாம்_கியர்:

உதறலுக்கும் டிசிஎம்முக்கும் சம்பந்தம் குறைவு. லேர்னிங் புதிதாக நடந்ததால் கொஞ்ச நாள் குறைவாகத் தெரியும், பிறகு திரும்பும். உலர் கிளட்ச் தட்டில் ஈரமோ எண்ணெயோ படிவது அதற்கு ஒரு முக்கியக் காரணம். இன்புட் ஷாஃப்ட் சீல் கசிந்தால் எண்ணெய் நேராகக் கிளட்சுக்கு வரும். பெல் ஹவுசிங் (இன்ஜினும் கியர்பாக்ஸும் சேரும் இடத்தில் கிளட்சை மூடியிருக்கும் கூடு) அடியில் எண்ணெய் ஈரம் இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் கியர்பாக்ஸை இறக்கி, சீல், கிளட்ச் இரண்டையும் சேர்த்தே மாற்ற வேண்டும். சீலை விட்டுக் கிளட்ச் மட்டும் மாற்றினால் அதே எண்ணெய் புதிய தட்டையும் நனைக்கும். அந்த வேலைக்குப் பிறகும் அடாப்டிவ் லேர்னிங் உண்டு.

ஈரம் இல்லையென்றால் ஓட்டும் முறையில் ஓரளவு சமாளிக்கலாம். டிராஃபிக்கில் பிரேக்கைப் பாதி விட்டுப் பாதி அமுக்கி அங்குலம் அங்குலமாக ஊராதீர்கள், கிளட்ச் அரைகுறையாகப் பிடித்தபடியே தேய்ந்து சூடாகும். முன்னால் இரண்டு கார் நீளம் இடம் விட்டு, பிரேக்கை முழுதும் எடுத்து நகர்ந்து, முழுதும் நில்லுங்கள். மேம்பால ஏற்றத்தில் ஆக்சிலரேட்டரால் வண்டியைப் பிடித்து நிறுத்தாதீர்கள், கால் பிரேக்கோ ஹேண்ட்பிரேக்கோ போடுங்கள்.